தரைக்கு மேலே கம்பெனி

மார்ச் 4, செவ்வாய்

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. வருஷம் பிறந்து இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். மிஞ்சிப் போனது போலிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘சுத்தமே எங்கள் சுவாசம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். சுவாசிக்கிறவர்கள் ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்து மூச்சை இழுத்துப் பார்க்கட்டும்.

இன்றைய வேலை: உட்கார்ந்தேன். அமுக்கினேன்.

தெருமுனைப் பொதுக் கழிப்பறையை நகராட்சி போன வருஷம் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டது. ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். இரண்டு வாசலிலும் சுவரில் ஒரு மெஷின். அதில் மூன்று மூஞ்சி: சிரிக்கிற பச்சை, சும்மா இருக்கிற மஞ்சள், அழுகிற சிவப்பு. மேலே, ‘எங்கள் சேவை எப்படி இருந்தது?’ வெளியே வருகிறவர்கள் ஒன்றை அமுக்க வேண்டும். அமுக்கினால் அது நேரே நகராட்சி ஆபீஸ் டிவிக்குப் போய்விடுமாம். பச்சை கூடினால்தான் கம்பெனிக்குப் பணம்.

கையைக்கூடக் கழுவாமல் போகிறவர்கள் நின்று மூஞ்சி பார்த்து அமுக்குவார்களா? அவர்களுக்குப் பதிலாக நான் அமுக்குகிறேன். பச்சை, பச்சை, பச்சை. என் உத்தியோகத்தின் பெயர் ‘வாடிக்கையாளர் உதவியாளர்’. சட்டையில் குத்திக்கொள்ள அட்டையும் உண்டு.

பெண்கள் பக்கம் மழைக்காலத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. அந்த வாசல் மெஷினிலும் நான்தான் அமுக்குகிறேன். இதை வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

எதிர்வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறவள் தெருவுக்கே அத்தை. டெய்லர் அத்தை. “ஏன்டி, இத்தனை பேர் வேலை கேட்டோம், உனக்கு மட்டும் எப்படிக் கெடைச்சுது?” என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன். இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி சூப்பர்வைசர் பைக்கை விட்டு இறங்குவதற்கு முன்பே அவன் மேலிருக்கிற வாசனை இறங்கிவிடும். அதனால் எங்கள் வீட்டில் அவன் பெயர் சென்ட்டு. ஆள் எடுக்க அவன் கழிப்பறை வாசலுக்கு வந்த அன்று தெருப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று கத்தினார்கள். தண்ணி எப்போ, கதவு எப்போ என்று. நான் மட்டும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என்னைத்தான் காட்டினான்.

“இந்தப் பொண்ணு பேசுமா?”

“கூச்ச சுபாவங்க. அதிகமாப் பேசாது,” என்றாள் அம்மா, ஏதோ தப்புச் செய்தவள் போல.

“அதான் வேணும்.”

என் கூச்சத்துக்குச் சம்பளம் கிடைத்தது அப்போதுதான். பள்ளிக்கூடத்தில் இதே கூச்சம் என்னை வெளியே தள்ளியது. அங்கே கழிப்பறைச் சாவி ஆசிரியர் அறை ஆணியில் தொங்கும். எல்லார் முன்னாலும் போய்க் கேட்க வேண்டும். கேட்க முடியாத நாட்களில் லீவு போட்டேன். லீவு கூடிக்கொண்டே போய் ஒன்பதாம் வகுப்போடு நின்றது. காரணம் என்ன என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

மார்ச் 6, வியாழன்

நகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்தார். இவருடைய மூக்கை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் கைக்குட்டைக்குள் இருக்கும். என் மனதில் அவர் பெயரும் கைக்குட்டைதான். சுகாதாரத்தை ஆய்வு செய்ய வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தால் எதை ஆய்வு செய்வார்?

சென்ட்டும் அவரும் பெண்கள் பக்கக் கதவுக்கு முன்னால் நின்று பேசினார்கள். நான் ஸ்டூலில் இருந்தேன். பேசாத பொண்ணு என்றால் காதும் கிடையாது என்று நினைப்பு.

“கழுவுறது, துடைக்கிறது, பல்பு மாத்துறது, தரைக்கு மேல இருக்கிற அத்தனையும் நாங்க சார். டேங்க் தரைக்குக் கீழ. அது உங்களுது.”

“டேங்க் எங்களுதுதான். அத ரொப்புனது யாரு? உங்க வாடிக்கையாளர்.”

“வாடிக்கையாளர் உங்க ஜனம் சார்.”

“தம்பி, ஒப்பந்தத்தைப் படிங்க.”

“படிச்சுட்டுத்தான் சொல்றேன். தரைன்னு தெளிவாப் போட்டிருக்கு.”

ஆண்கள் பக்கத்துக்கு வேறு டேங்க், அது பரவாயில்லை. பெண்கள் பக்க டேங்க் நிரம்பி, போன மழையில் உள்ளே இருந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது. அதனால்தான் பூட்டு. கீழேயே இருந்தால் நகராட்சி பொறுப்பு, மேலே ஏறினால் கம்பெனி பொறுப்பு. அது என்னடாவென்றால் சரியாகத் தரை மட்டத்தில் நிற்கிறது. இந்த இரண்டு பேரையும் விட அதற்கு விவரம் அதிகம்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கதவுக்கு நல்லதாக, பெரியதாக ஒரு புதுப் பூட்டு போடுவது. கதவு தரைக்கு மேலே இருப்பதால் கம்பெனி செலவு.

மார்ச் 8, சனி

அக்காவுக்கு எட்டாம் மாதம். மாமா வேலைக்கு வெளியூர் போயிருப்பதால் எங்களோடு இருக்கிறாள். இன்று அவளோடு கிளினிக் போனேன். நர்ஸ் காலை அமுக்கிப் பார்த்தாள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?”

அக்கா எதற்கும் வாய்க்கு வாய் பேசுகிறவள். இன்று சுவரைப் பார்த்தாள்.

“சிறுநீர்ல கிருமி இருக்கு. இப்படியே விட்டா நாள் ஆகுறதுக்கு முன்னாடியே வலி வந்துடும். மாத்திரை தர்றேன். மாத்திரைய விட முக்கியம் தண்ணி. குடம் குடமாக் குடி. புரியுதா?”

புரியுது. குடித்தால் போக வேண்டுமே. எங்கே போவது? தெருப் பெண்கள் எல்லாரும் விடியும் முன்னால் கிடங்குக்குப் பின்னாலிருக்கிற காலி மைதானத்துக்குப் போகிறோம். அப்புறம் இருட்டினால்தான். நடுவில் இருக்கிற பகல் முழுக்க லாரிக்காரர்கள் அங்கே நின்று பல் குத்திக்கொண்டிருப்பார்கள். அக்காவால் இப்போது குத்துக்காலிட்டு உட்காரவும் முடியாது. என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். அதனால் பொழுது விடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுகிறாள். உதடு வெடித்திருக்கிறது.

வீட்டிலிருந்து கழிப்பறை கூப்பிடு தூரம். கதவு தெரியும். பூட்டும் தெரியும்.

திரும்பி வரும் வழியில் அக்கா, “நீ அங்கதானே இருக்கே, அந்த சென்ட்டுகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா குட்டி?” என்றாள்.

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

அக்காவும் டெய்லர் அத்தையும் தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போனார்கள். போனதை விட வேகமாகத் திரும்பினார்கள். அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்று கைக்குட்டை மாதிரியே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசிக் காட்டினாள்.

“மனுவக் கையில வாங்கவே இல்லடி. டிவியக் காட்டுறான். ‘பாருங்கம்மா, ஊர்லயே உங்க ஏரியா பெண்கள் பக்கம்தான் முதலிடம். ஒரு செவப்புகூட இல்ல. ஆண்கள் பக்கத்துலயாவது ரெண்டு செவப்பு விழும், உங்களது சுத்தப் பச்ச.’ நான் கேட்டேன், பூட்டுன கதவுக்குள்ள போய்ட்டு வந்து சிரிச்சவ யாருய்யான்னு. அதுக்குச் சொல்றான், ‘மேடம், மனுஷங்க பொய் சொல்லலாம், டேட்டா பொய் சொல்லாது.’”

தெருவே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போனதும் கேட்டாள்.

“அந்தப் பச்சைய அமுக்குனது யாரு?”

மாத்திரை போட டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக் கீழே வைத்தாள்.

“உன் பச்சைய நீயே குடி.”

மார்ச் 11, செவ்வாய்

அக்கா பேசவில்லை. அமுக்கப் போனேன். வேறென்ன செய்ய? சம்பளம் வாங்குகிறேனே. த்தூ.

மார்ச் 12, புதன்

இன்று பெண்கள் பக்க மெஷினில் சிவப்பு அமுக்கினேன். காலையிலிருந்து. யாராவது பின்னால் வந்து கழுத்தைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். அந்த ரப்பர் புத்தம் புதிதாக, கெட்டியாக இருந்தது. யாரும் தொட்டதே இல்லை.

மத்தியானத்துக்குள் ஆள் வந்துவிட்டான்! தோளில் பை, பையில் ஸ்குரு டிரைவர், மீட்டர், இன்னும் என்னென்னவோ. ஆபீஸ் டிவியில் சிவப்பைப் பார்த்து டேங்கைச் சரிசெய்ய அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். நான் ஒரு கழுதை.

அவன் மெஷின் ரிப்பேர்க்காரன்.

“செவப்பு சிக்கிக்கிச்சுபோல. இந்த மாடல்ல வர்ற கம்ப்ளெய்ன்ட்தான்,” என்று சொல்லி, சிவப்பு மூஞ்சியைக் கழற்றி ஊதி, துணியால் துடைத்து, மறுபடி மாட்டினான். பூட்டிய கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. டேங்கில் கிடப்பதற்கு மாசக்கணக்காக ஆள் இல்லை. மூஞ்சி அழுதால் அன்றைக்கே வைத்தியர்.

“கரன்ட் போனாலும் கவலையில்லம்மா. உள்ள பேட்டரி இருக்கு, சிம் இருக்கு. எங்க இருந்தாலும் ஓடும்.”

சாயங்காலம் சென்ட்டு வந்தான். “வெரல் வழுக்கிடுச்சா?” என்றான். தலையை ஆட்டினேன். இன்றைய சிவப்பையெல்லாம் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எடுத்துவிட்டார்களாம்.

மார்ச் 15, சனி

அக்காவுக்குக் காய்ச்சல். இறங்கிவிட்டது. அம்மா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவள் இல்லாத நேரமெல்லாம் நான் ஓடி ஓடி வந்து பார்த்தேன். ஒரு வாய் தண்ணீர் குடி என்று கெஞ்சினேன். “இருட்டட்டும்” என்கிறாள். அதை மட்டும்தான் பேசுகிறாள்.

வீட்டுக்குள் ஒரு சட்டி வைத்துக்கொள்ளலாமே என்று அம்மா சொன்னாள். ஒற்றை அறை, நடுவில் அடுப்பு, வாசலில் தெரு. அக்கா அம்மாவைப் பார்த்த பார்வையில் அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

மார்ச் 17, திங்கள்

விருது.

சிரிக்காதே, எழுது. ஊரிலேயே சிறந்த பெண்கள் கழிப்பறை என்று எங்கள் பெண்கள் பக்கத்துக்கு விருது. வியாழக்கிழமை நகராட்சித் தலைவர் நேரில் வந்து கேடயம் கொடுப்பார். இந்த மாதிரித் திட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து கடன் கொடுக்கிறவர்களும் வருகிறார்களாம். முந்தின நாள் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து டிவியில் பச்சை விழுவதைப் பார்ப்பார்களாம். பார்த்துக் கண் குளிர்ந்தால் இன்னும் கடன் கொடுப்பார்களாம்.

பெயின்ட் அடிக்க ஆள் வந்தான். வெளிச்சுவர் முழுக்கப் பச்சை. கதவுக்கும் பச்சை. பூட்டைக் கழற்றச் சாவி கேட்டான். சாவி எங்கே என்று சென்ட்டுக்கே தெரியவில்லை. “பூட்டோட சேத்து அடிப்பா,” என்றான். பூட்டின் மேல் பச்சை வழிந்து, அடியில் ஒரு சொட்டு தொங்கிக் காய்ந்துவிட்டது.

“கதவத் திறந்து காட்ட வேணாமா சார்?” என்று பெயின்டர் கேட்டான்.

“முன்னாடி நின்னு போட்டோதான். உள்ள யாரு போகப் போறா?”

நான் பக்கத்திலேயே இருந்தேன். அட்டையைக் குத்திக்கொண்டு.

மார்ச் 19, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் வாளியோடு போனேன். எங்கள் தெருவில் பெண் கையில் வாளி இருந்தால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உள்ளே என்ன என்று ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான். பெண்கள் பக்க மெஷினைக் கொக்கியிலிருந்து தூக்கி, வயரைப் பிடுங்கி, வாளியில் வைத்து, மேலே பழைய துணியைப் போட்டு மூடினேன். லாரிக்காரர்கள் முன்னால்தான் நடந்து வந்தேன். பேட்டரி இருக்கிறது. சிம் இருக்கிறது. எங்கே இருந்தாலும் ஓடும்.

அக்காவின் காலடியில் வைத்தேன். “இந்தா,” என்றேன்.

பார்த்தாள். வாளியை. என்னை. பிறகு எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தாள். குனிய முடியாது அல்லவா, காலை நீட்டிப் பெருவிரலால் சிவப்பை அமுக்கினாள். கீச் என்று ஒரு சத்தம். மறுபடி. மறுபடி. டெய்லர் அத்தை வந்து அமுக்கினாள். அடுத்த வீட்டுப் பெண்கள் வந்தார்கள். “எனக்கு ஒண்ணு விடுங்கடி, நேத்து மைதானத்துல கால் வழுக்கினவ நானு!” என்று ஒருத்தி இடித்துக்கொண்டு வந்தாள். கடன் கொடுக்கிறவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரம்.

முதலில் ரிப்பேர்க்காரன் பையோடு வந்து வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு சென்ட்டு எங்கள் தெருவுக்குள் வந்தான். முதல் தடவையாக. பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அக்கா மெஷினை மடியில், வயிற்றோடு சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அங்கே கை வைக்கிற தைரியம் எவனுக்கு வரும்?

“கம்பெனிப் பொருளத் திருடிட்டு வந்திருக்கே. போலீசுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?”

“போங்களேன்,” என்றாள் அத்தை. “மெஷின் எங்கே மாட்டியிருந்துச்சுன்னு கேப்பாங்க. பூட்டுன கதவு வாசல்லன்னு சொல்லுங்க. எழுதிக்கட்டும்.”

சென்ட்டு என் பக்கம் திரும்பினான். “ஏய் ஊமை, உனக்கு என்னதான் வேணும்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. அம்மாவின் முதுகைத் தேடினேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

“கதவத் திறங்க. டேங்க காலி பண்ணுங்க. அப்புறம் தர்றேன்.”

என் குரல்தான். எனக்கே யாரோ போலிருந்தது.

“டேங்க் தரைக்குக் கீழ. அது நகராட்சி...”

“மெஷின் இப்ப எங்க வீட்டுத் தரைக்கு மேல இருக்கு,” என்றாள் அக்கா. “மேல இருக்கிறது யாருதுன்னு நீயே சொல்லு.” சொல்லிக்கொண்டே ஒரு சிவப்பு அமுக்கினாள். கீச்.

சென்ட்டு போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினான்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. கழிவு உறிஞ்சுகிற டேங்கர் லாரி வந்தது. நகராட்சி லாரி, டீசல் கம்பெனியுடையதாம். மேலேயா கீழேயா என்று யாரும் கேட்கவில்லை. கைக்குட்டை தானே நின்று குழாயைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினார். கத்தும்போது கைக்குட்டை விலகியது. சாதாரண மூக்குதான். சாவி கிடைக்காததால் கொண்டியைப் பெயர்த்துப் பூட்டை முழுசாகக் கழற்றினார்கள். டேங்க் காலியாகி, தரை கழுவி, குழாயில் தண்ணீர் வந்து, அக்கா உள்ளே போய் வெளியே வந்து தலையாட்டினாள். அதன்பிறகு மெஷினைக் கொடுத்தேன்.

ஒரே ஒரு மத்தியான வேலை. அவ்வளவுதான் இருந்திருக்கிறது. அதற்காக இத்தனை மாதம் மைதானம். ச்சீ. இவனுங்களும் இவனுங்க ஒப்பந்தமும்.

மார்ச் 20, வியாழன்

கேடயம் கொடுத்துவிட்டார்கள். நேற்று விழுந்த சிவப்பு ‘அவசரகாலப் பரிசோதனை ஒத்திகை’யாம். புகார் வந்தால் எவ்வளவு வேகமாகச் செயல்படுகிறார்கள் என்று பார்த்து, கடன் கொடுக்கிறவர்கள் கைதட்டினார்கள். அரசும் தனியாரும் கைகோத்தால் எதுவும் முடியும் என்று தலைவர் பேசினார். கோத்த கையை முதலில் கழுவச் சொல்ல வேண்டும்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே டெய்லர் அத்தை கூட்டத்துக்குக் குறுக்கே வாளியோடு நடந்து உள்ளே போனாள். போட்டோவில் பாதி விழுந்திருப்பாள்.

மார்ச் 21, வெள்ளி

வேலை போய்விட்டது. அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். டைரியைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

அம்மா, “எதுக்குடி நமக்கு இந்த வம்பு” என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் திட்டினாள். பிறகு எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாள். அதன்பின் திட்டவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

டெய்லர் அத்தையிடம் காஜா எடுக்கிறேன். சம்பளம் குறைவு. “பட்டன் பக்கம் மட்டும் உன்னை விட மாட்டேன்டியம்மா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

என் ஸ்டூலில் இப்போது சென்ட்டின் மச்சான் உட்கார்ந்திருக்கிறான். தூங்கிக்கொண்டே அமுக்குகிறான். டேங்க் மறுபடியும் நிரம்பும். நிரம்பும்போது தரை எங்கே இருக்கிறது என்று மறுபடியும் தேடுவார்கள். இவர்களைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இன்று மத்தியானம் போயிருந்தேன். பெண்கள் பக்கக் கதவில் பூட்டு இல்லை. பெயர்த்த கொண்டியைத் திரும்ப அடிக்கவே இல்லை. பூட்டு மெஷினுக்குப் போய்விட்டது. யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி அதைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு, கூண்டில் பெரிய பூட்டு. அடியில் பச்சைச் சொட்டு காய்ந்து தொங்குகிறது. அதே பூட்டுதான். சாவி கிடைத்துவிட்டது போல. அதைத் தேடவும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது இவர்களுக்கு.

இதை வந்து சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நர்ஸ் இன்று காலில் அமுக்கியபோது பள்ளம் சீக்கிரம் மேலே வந்துவிட்டதாம்.

வெயில் கொளுத்துகிறது. இரண்டாவது டம்ளர் தண்ணீர் கேட்கிறாள். போகிறேன்.